முகச்சாடை

களக்காட்டிலிருந்து பத்தைக்குப் போகும் வாய்க்கால் கரையில்
என் வண்டிக்குப் பின்னால் ஒரு கேன்.
கேனுக்குள் புகையும் குளிர்.
குளிருக்குள் நாற்பத்திரண்டு காளைகள்.

ஒன்றும் முட்டாது, முக்காரம் போடாது.
ஒவ்வொன்றும் ஈர்க்குச்சிப் பருமன்,
மேலே ஓர் எண்.
சில காளைகள் செத்தே போயிருக்கலாம்.
யாரும் எனக்குச் சொல்வதில்லை.

பேராச்சி விடியுமுன்னே போன் போட்டிருந்தாள்.
"ராத்திரி பூரா கத்துதும்மா,
கண்ணாடியா வடியுது.
இந்தத் தடவையும் நிக்கலைன்னா
மேலப்பாளையம் சந்தைக்குத்தான் ஏத்தணும்."

உடம்புச் சூட்டில் வெந்நீர் கேட்டு வாங்கிக்
குழாயை முக்கினேன்.
முப்பது எண்ண வேண்டும்.

எண்ணும்போது கண் சும்மா இருக்காது.
தொழுவத்துக்குப் பின்னால் ஏத்தன் வாழை,
குலை தள்ளிச் சாய்ந்து நிற்கிறது.
அடியில் நாலு கன்று.
மகள்கள் என்று வாய் வருகிறது. மகள்கள் இல்லை,
அதே ஆள், மறுபடி.
தன் பக்கத்திலேயே தான் முளைத்து வந்து நிற்கிறவள்.
பூவுண்டு, தேனுண்டு, வவ்வால் வந்து போவதுண்டு.
பழத்தின் நடுவே மட்டும்
விதைக்குப் பதில் சில கறுப்புப் புள்ளி,
எழுத வந்தவர் பேனாவை ஊன்றிவிட்டு
எழுந்து போனதுபோல.
கல்யாணமே ஆகாத இதைத்தான்
கல்யாண வாசலில் குலையோடு கட்டுகிறோம்.
பன்னிரண்டு.

குருத்து மடலில் அசுவினி.
அதற்கும் ஆண் வேண்டாம்.
பெண் பெண்ணைப் பெறும்,
பிறக்கும்போதே அதன் வயிற்றில் இன்னொரு பெண்.
மூன்று பேருக்கு மாப்பிள்ளை தேடிச் செருப்புத் தேய்ந்த
என் பெரியம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும்.
பத்தொன்பது.

பனை வேறு மாதிரி.
கொட்டை போட்டவனுக்கு
ஆணா பெண்ணா என்று தெரியப் பன்னிரண்டு வருசம்;
பாளை விடும்வரை வாயே திறக்காது.
பேராச்சியின் வரப்பில் நிற்கும் ரெண்டும் ஆண்.
நுங்கை அவள் காசு கொடுத்துத்தான் வாங்குகிறாள்.
முப்பது.

குழாயைத் துடைத்து நுனி வெட்டினேன்.
இடக்கை முழங்கை வரை உள்ளே போய்
வெதுவெதுப்பான இருட்டில் வழியைப் பிடித்துக்கொள்ள
வலக்கை கம்பியை மெல்லச் செலுத்தியது.
பசு ஒருமுறை திரும்பிப் பார்த்தது.
எட்டு வருசமாய் இந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.
அது ராத்திரியெல்லாம் கூப்பிட்டது
ஒரு கனத்தை, ஒரு மூச்சை, ஒரு வாடையை.
வந்தது நான்:
லீதியாள் ஜெபசெல்வி, கால்நடை ஆய்வாளர்,
பச்சைக் கையுறை, சோப்பு மணம்.

கார்த்திகையில் வாடல் நோய்.
ஒரு வாழை மஞ்சளானது, பிறகு தோட்டம் மொத்தமும்.
எல்லாம் ஒரே ஆள்,
எதிர்த்து நிற்க ரத்தம் மாறிய
ஒரு தங்கச்சி கூட இல்லை.
பேராச்சி மூட்டோடு தோண்டி எரித்தாள்.
பசுவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.
சந்தைப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பங்குனியில் கிடேரி.
தாய் செவலை.
கன்று கறுப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி,
இடது முன்னங்காலில் மட்டும் ஒற்றைச் சாக்ஸ்.
"இது யாரு மொகச்சாடை?
எங்கூர்ல இப்படி மாடே கெடையாதே."

ரெஜிஸ்டரைப் புரட்டினேன்.
எண் இருந்தது.
"அப்பன் சாடைதான்" என்றேன்,
நேரில் பார்த்தவள் மாதிரி.

எரித்த இடத்தில் வரிசையாய் முருங்கைப் போத்து,
எவர் வீட்டு மரத்திலோ வெட்டிய கைகள்.
துளிர்த்திருந்தன.
அவற்றை யாரும் சாடை கேட்கவில்லை.

கன்று எழுந்து, விழுந்து,
வேறு பக்கமாய் எழுந்தது.

"தூக்குச்சட்டி இருக்கா, சீம்பால் தாரேன்."

கேனுக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.
வாய்க்கால் பாலம் வரைக்கும்
சட்டி சூடாக இருந்தது.